ஆறு கோப்பைக்கும் ஒரே மதிப்பெண்

மைன்ஸ், ஜெர்மனி
14 நவம்பர்

அன்புள்ள உமாபதிக்கு,

நான் நலம். வேலைக்குப் போகும் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? நம் குந்தவி இப்போது அழாமல் பள்ளிக்குப் போகிறாளா?

பதறாமல் படியுங்கள். போன மாதக் காய்ச்சல் என் மூக்கையும் கொண்டுபோய்விட்டது. எதுவும் மணப்பதில்லை. வைனை முகர்ந்து மதிப்பெண் போடுவதுதான் இங்கே பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் என் வேலை என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாயன்று ஒரே திராட்சைத் தோட்டத்தின் ஆறு வைன்களை வைத்தார்கள். முகர்ந்து, சுவைத்து, துப்பி, ஆறுக்கும் இருபதுக்குப் பதினாறு போட்டேன். அதில் ஒன்று, எங்களைச் சோதிக்க வைத்த கெட்டுப்போன வைன். ஈரச்சாக்கு நாற்றமாம்.

கூட வேலை செய்யும் யாழ்ப்பாணத்துப் பெண் நிலக்சி என் தாளைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, உங்களுக்கு மணக்கேல்லையோ?"

"ஒரு மாசமாவே இல்லம்மா" என்றேன். அழுதுவிட்டேன்.

"அழாதேங்கோ. நானும் வாறன், பேராசிரியரிட்டைச் சொல்லுவம்."

அவர் திட்டவில்லை. சரியாகும்வரை மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றச் சொல்லியிருக்கிறார். எப்போது சரியாகும் என்று மருத்துவருக்கும் தெரியவில்லை. பழகிய வாசனைகளைத் தினமும் முகர்ந்து பார்க்க வேண்டுமாம்.

அதனால் பெருங்காயமும் காபித்தூளும் அனுப்புங்கள். கூடவே குந்தவி போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றும் வேண்டும். துவைத்துவிடாதீர்கள். நான் கொண்டுவந்த சட்டையில் அவள் வாசனை போய்விட்டதா, இல்லை என் மூக்குக்குத்தான் எட்டவில்லையா, தெரியவில்லை.

ரயில் வந்துவிட்டது.

உங்கள்
ரோஹிணி