நீல விளக்கில் தெரிந்த மஞ்சள்

அண்ணி,

இன்று காலை ஒரு பெண்ணின் தோளில் மஞ்சள் மின்னியது. மருத்துவமனையில் என் அறைக்கு, காயத்தைப் படம் எடுக்க அவளை அனுப்பியிருந்தார்கள். சன்னல் திரையை இழுத்துவிட்டு, ஆரஞ்சுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நீல விளக்கைப் போட்டேன். வீட்டில் யாரோ நல்லெண்ணெயில் குழைத்துப் பூசித் துடைத்த, வெறும் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் பச்சை கலந்து ஒளிர்ந்தது. லேசாக வாசனையும் வந்தது. கேமராவைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்றேன். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் எனக்கு நீங்கள் தெரிந்தீர்கள்.

என் வேலையை நீங்கள் கேலி செய்வீர்கள். "ஊர்ல எல்லாரும் கல்யாண வீட்ல போட்டோ புடிப்பாங்க. நம்ம பாப்பா அடிபட்டவங்கள புடிக்கிது லா" என்று புந்தோங் பலகாரக் கடையில் உங்களோடு முறுக்கு பிழிகிறவர்களிடம் சொல்வீர்கள். ஆனால் நம் வீட்டில் அந்த விளக்கைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டவர் நீங்கள் ஒருவர்தான். நம்மைப் போன்ற கறுத்த தோலில் கன்றிய இடம் சட்டென்று கண்ணில் படாது. நீல ஒளியில், ஆரஞ்சுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், தோலுக்குள் கட்டிய ரத்தம் கருப்பாகத் தெரியும். ஒரு தீபாவளியன்று இதைச் சொன்னேன். வடையைத் திருப்பிப் போட மறந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஏன் அவ்வளவு கவனம் என்று நான் யோசிக்கவில்லை.

அதற்கு அடுத்த வருடம் ஒரு மத்தியானம், டாக்டர் எழுதிய சீட்டோடு என் அறை வாசலில் நின்றீர்கள். படம் இருந்தால்தான் போலீசுக்குப் போவேன், வெறும் வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று டாக்டரிடம் சொல்லியிருந்தீர்கள். சொந்தக்காரர்கள் வந்தால் வேறொருவரை எடுக்கச் சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் விதி. இவர் என் அண்ணி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, கூட வந்த தாதியை வெளியே அனுப்பினேன்.

"அமுக்குனா வலிக்கிது பாப்பா. கண்ணாடில பாத்தா ஒன்னுமே தெரியல. வெள்ளக்காரியா பொறந்திருந்தா ஒரு அடிக்கே ஊருக்குத் தெரிஞ்சிருக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். சுடிதார் கையை மேலே ஏற்றினீர்கள்.

விளக்கைப் போட்டேன். இடது மேற்கையில் மஞ்சள் நான்கு கோடுகளாக எரிந்தது. உள்பக்கம் கட்டைவிரல் அளவுக்கு இன்னொன்று. வலித்த இடத்தில் மட்டும் பார்த்துப் பார்த்துப் பூசியிருந்தீர்கள். அதனால் ஒரு கை உங்களைப் பிடித்த விதம் அப்படியே வரைந்து வைத்ததுபோல் இருந்தது. அந்தக் கையை எனக்குத் தெரியும். செமோர் தோட்டத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு என்னைத் தினமும் சைக்கிளில் தூக்கி உட்காரவைத்த கை. நான் படிக்கட்டும் என்று தன் படிப்பை நிறுத்திவிட்டு ஜெலாப்பாங்கில் லோரி ஓட்டப் போன என் அண்ணனின் கை.

ஒரு படம் எடுத்தேன். அடுத்துச் செய்ய வேண்டியது சின்ன வேலை. ஈரப்பஞ்சால் மஞ்சளைத் துடைத்துவிட்டு, அடியில் இருக்கும் காயத்தை இன்னொரு படம் எடுக்க வேண்டும். ஐந்து நிமிடம் ஆகும். பஞ்சு என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"மஞ்சள் மறைக்கிது அண்ணி, ஒன்னும் தெரியல. நல்லா கழுவிட்டு நாளைக்கு வாங்க."

"இங்கயே கழுவ முடியாதா?"

"அது சரியா வராது."

என்னையே பார்த்தீர்கள். முகத்தில் ஆரஞ்சுக் கண்ணாடி இருந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். "சரி பாப்பா, வாரேன்" என்றீர்கள். எனக்காகக் கொண்டுவந்திருந்த முறுக்குப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனீர்கள்.

'மஞ்சள் பூசியிருந்ததால் படம் எடுக்க இயலவில்லை' என்று சீட்டில் எழுதினேன். எடுத்த படத்தை அழித்தேன். மறுநாள் நீங்கள் வரவில்லை. வரமாட்டீர்கள் என்று தெரிந்துதான் நாளைக்கு என்றேன்.

அதன்பிறகு அண்ணன் உங்களை அடித்தாரா என்று நான் கேட்டதேயில்லை. வருவேன், சாப்பிடுவேன், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுவேன், கிளம்பிவிடுவேன். நீங்களும் ஒரே ஒரு முறைதான் கேட்டீர்கள். அடுப்படியில் நாம் இருவர் மட்டும் இருந்தோம்.

"அந்த லைட்டு இன்னும் இருக்கா பாப்பா?"

"இருக்கு அண்ணி."

"நல்லா வேல செய்யிதா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் குழம்பைக் கிண்டினீர்கள்.

போன வருடம் சர்க்கரை நோய் முற்றிச் சிறுநீரகம் கெட்டு நீங்கள் போனீர்கள். அண்ணன் கையால் போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதில் ஆறுதல் தேடியதற்கும் சேர்த்து வெட்கப்படுகிறேன். உங்களைக் குளிப்பாட்டும்போது, நாத்தனார்தான் மஞ்சள் பூச வேண்டும் என்று கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்கள். "பொட்டோட போறா, குடுத்து வச்சவ" என்று யாரோ சொன்னார்கள். முகத்தில் பூசினேன், காலில் பூசினேன், வலது கையில் பூசினேன்.

"அந்தக் கைய விட்டுட்டியே பாப்பா" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

பூசினேன் அண்ணி. வெளியே அண்ணன் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்.

இன்று வந்த பெண், நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, "மஞ்சள் பூசியிருக்கக் கூடாதா அக்கா? வீட்ல போய்க் கழுவிட்டு வரவா?" என்று கேட்டாள். எழக்கூடச் செய்தாள்.

"வேணாம்மா. அப்படியே உக்காரு" என்றேன்.

மஞ்சளோடு ஒரு படம் எடுத்தேன். பஞ்சை நனைத்துத் துடைத்தேன். அடியில் இருந்தது தெரிந்தது. அதையும் எடுத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

உங்கள் படம் எங்கும் இல்லை. ஆனால் நான்கு கோடுகளில் எது நீளம், எது பாதியில் நின்றது என்று இப்போது கேட்டாலும் வரைந்து காட்டுவேன். அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். உங்கள் கைப்பக்குவம் யாருக்கும் வராது என்கிறார். அவர் உங்களை அடித்தது எனக்குத் தெரியும் என்று அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவர் தட்டை நீட்டும்போது அந்த விரல்களைத்தான் பார்க்கிறேன். பார்த்துக்கொண்டே சோறு போடுகிறேன், அண்ணி.