டெட்ராய்ட்டில் வரிசை திரும்பிய கதை

டன்லீ, ஆர்கன்சா
ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்தபின்

அன்பு மகள் அனிட்ராவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், யூலா சித்தி சுகம், என் முழங்கால்கள் தத்தம் நிலையில் இருக்கின்றன. லிஸ்பனில் நீயும் மாப்பிள்ளை ருய்யும் நோய்நொடி இல்லாமல் இருக்க ஆண்டவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன தடவை பேசும்போது நீ இருமினாய், கேட்டதற்குச் சிரித்தேன் என்றாய். நான் சொல்லிக்கொண்டிருந்தது மிசஸ் வாட்கின்ஸின் சவ அடக்கம் பற்றி, அதில் சிரிக்க ஒன்றும் இல்லை, ஆகவே டாக்டரிடம் போ. மாநாடு என்ன ஆயிற்று என்று இரண்டு முறை போன் செய்து கேட்டாய். போனில் சொல்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். நம் ஒப்பந்தம் எனக்கு நினைவிருக்கிறது. டெட்ராய்ட்டில் நம் கறுப்பர் பத்திரிகையாளர் சங்கம் நடத்தும் மாநாட்டுக்குப் போய், அங்கே வேலைவாய்ப்பு முகாமில் ‘டன்லீ சாட்சி’க்கு ஒரு நிருபர் கிடைக்காவிட்டால் பேப்பரை மூடிவிட்டு அக்டோபரில் உன்னிடம் வந்துவிடுவது. நீ கீழ்த்தளத்தில் வீடு பார்க்கத் தொடங்கியதும் தெரியும். நேரே கடைசிப் பாராவுக்குப் போகாதே, பள்ளிக்கூட நாளிலிருந்து என் கட்டுரைகளை நீ அப்படித்தான் படிக்கிறாய்.

மாநாட்டுக்கு நான் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. லிட்டில் ராக் தினசரியில் வேலை பார்த்த காலமெல்லாம் அந்தச் செய்தி அறையில் கறுப்பர் என்று இருந்தது நான் ஒருத்தி. மாலையில் குப்பைக்கூடைகளை எடுக்க வரும் மிஸ்டர் கேட்ஸைச் சேர்த்தால் இருவர். அவரைப் பார்த்து நான் தலையசைப்பேன், அவர் என்னைப் பார்த்துத் தலையசைப்பார், அதோடு எங்கள் மாநாடு முடிந்துவிடும். நீயும் லிஸ்பன் ரயிலில் முன்பின் தெரியாத நம் ஆட்களைக் கண்டால் தலையசைக்கிறாயாம், யார் அது என்று கேட்டால் தெரியாது என்கிறாயாம், ருய் ஆச்சரியப்பட்டுச் சொன்னார். அந்தப் பழக்கத்தோடு டெட்ராய்ட் மண்டபத்துக்குள் நுழைந்தேன். எதிரே வந்தவருக்குத் தலையசைத்தேன், பக்கத்தில் வந்தவருக்கும் தலையசைத்தேன், நகரும் படிக்கட்டு ஒன்று மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது, அது முழுக்க நம் ஆட்கள், கோட்டும் சூட்டும் மஞ்சள் கவுனும் தலைப்பாகையுமாக, ஒருவரையும் விடவில்லை, விட்டால் மரியாதை இல்லையே. சாப்பாட்டு வேளைக்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. என்னோடு துணைக்கு வந்திருந்த யூலா சித்தி தைலம் தேய்த்துக்கொண்டே, “எல்லாருக்கும் தலைய ஆட்ட நீ என்ன இங்கிலாந்து ராணியா? இங்க ஆட்டவே வேணாம்டி, பாக்கறவங்க அத்தன பேரும் நம்மாளுங்கதான்” என்றாள். அதுவரை எனக்கு அது உறைக்கவில்லை. தலையாட்டவே தேவையில்லாத ஒரு இடம் பூமியில் இருக்கிறது, அதற்குக் குளிர்சாதன வசதியும் இருக்கிறது. நான் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு சும்மா பார்த்தேன். போர் நடக்கும் நாடுகளிலிருந்து செய்தி அனுப்புகிறவர்கள், பேஸ்பால் எழுதுகிறவர்கள், புயல் வருகிறது என்று சொல்கிறவர்கள், அவரவர் ஊரில், அவரவர் அலுவலகத்தில் ஒற்றை ஆளாக இருப்பவர்கள். ஒற்றை ஆட்களாலேயே ஆன அவ்வளவு பெரிய கூட்டத்தை நான் பார்த்ததில்லை. சர்ச்சில்கூட நான் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்ததில்லை என்று யூலா சித்தி இன்றைக்கும் சொல்லிக் காட்டினாள்.

முகாம் கீழ்த்தளத்தில். பெரிய நிறுவனங்கள் தங்கள் ஸ்டால்களையே மாடி வைத்துக் கட்டியிருந்தன. எங்களுக்குக் கொடுத்தது ஒரு மேசை, இரண்டு நாற்காலி. சாட்சியின் இதழ்களை அடுக்கி, பக்கத்தில் யூலா சித்தி சுட்டுக் கொண்டுவந்த பவுண்ட் கேக்கை வெட்டி வைத்தோம். கேக்குக்கு நல்ல கூட்டம். எங்களை ஒட்டி ஒரு பெரிய தொலைக்காட்சி நிறுவனம், பேரைச் சொல்ல மாட்டேன், அவர்களிடம் நிருபர்களைவிட வக்கீல்கள் அதிகம். அந்த ஸ்டாலில் ஆள் எடுக்க உட்கார்ந்திருந்தவள் லொனெட் பெட்டிஃபோர்ட். ஐம்பது வயதிருக்கும், நீல உடை, ஒரு காலத்தில் ஷ்ரீவ்போர்ட்டில் நீதிமன்றச் செய்தி எழுதியவளாம், பிறகு நிர்வாகத்துக்குத் தூக்கிவிட்டார்கள். அவள் முன்னால் நின்ற வரிசை எங்கள் மேசையைத் தாண்டிக் கதவு வரை போயிற்று. வரிசையில் நிற்பவர்கள் பொழுது போகாமல் எங்கள் பக்கம் திரும்பி விசாரிப்பார்கள். ஆர்கன்சா என்றால் எந்தப் பக்கம் என்று ஒருவர் கேட்டார். உங்க பேப்பர்ல வீடியோ உண்டா ஆன்ட்டி என்று ஒரு பெண் கேட்டாள். “எங்க ஷெரீஃப் பண்றதெல்லாம் வீடியோ மாதிரிதாம்மா இருக்கும். எடுக்கத்தான் ஆளில்ல” என்றாள் யூலா சித்தி. அந்தப் பெண் சிரித்து, இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டாள். நான் சிரிக்கவில்லை. உன்னோடு ஐந்தாம் வகுப்பில் படித்த டெனேயின் தம்பி லெரான் பிரெஸ்காட் மார்ச் மாதம் நம் மாவட்டச் சிறையில் செத்துப்போனான் என்று எழுதியிருந்தேனே. அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும், பேப்பர் வரும் நாளில், அவன் அம்மா நம் அலுவலகத்துக்கு வந்து “இந்த வாரம் ஏதாச்சும் இருக்கா மிஸ் வெர்னெல்?” என்று கேட்டுவிட்டுப் போகிறாள். படத்தோடு மரண அறிவிப்புப் போட்டேன். அவன் கிடந்த அறையின் கேமரா பதிவைக் கேட்டு எழுதினேன், பதில் இல்லை. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் தினமும் அந்தச் சிறையை நடத்தும் ஷெரீஃபின் அலுவலகப் படியேறி அங்கேயே நிற்க ஒரு ஆள் வேண்டும். எனக்கு அந்தப் படிகள் முடியவில்லை. சாட்சியை மூடினால் அவளுக்கு வந்து கேட்க ஒரு கதவுகூட இருக்காது. இதை உன்னிடம் போனில் சொல்லவில்லை, சொன்னால் முழங்காலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாய்.

இரண்டாம் நாள் மதியம், வரிசையில் எல்லோர் போனும் ஒரே நேரத்தில் முனகியது. லொனெட்டின் நிறுவனம் ஒரு அறிக்கை விட்டிருந்தது. முதல் பாராவில், எல்லா இனத்தவரையும் வேலைக்குச் சேர்ப்பதில் தங்கள் உறுதி என்றும் மாறாது என்று இருந்தது. இரண்டாம் பாராவில் நிறுவனர் குழந்தையாக இருந்தபோது பட்ட கஷ்டம். மூன்றாம் பாராவில், அப்படிச் சேர்ப்பதற்கென்று இருந்த பிரிவை இன்றோடு மூடுவதாகவும் அதில் இருந்த அனைவருக்கும் நன்றி என்றும் இருந்தது. முக்கியச் செய்தியை மூன்றாம் பாராவில் புதைக்கிறவனை லிட்டில் ராக்கில் நாங்கள் வேலைக்கே எடுத்ததில்லை. லொனெட்டின் போன் அவள் பையில் கிடந்தது, அவள் தன் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள். அவள் இருந்தது அந்தப் பிரிவில்தான், அவளுக்கு வேலை போனது அவளைத் தவிர வரிசையில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவர்கள் யார்? பத்திரிகையாளர்கள். வதந்தியாக இருக்கலாம் என்று தலைமை அலுவலகத்தில் இரண்டு பேருக்குத் தனித்தனியே போன் போட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் முகம் வாடினார்கள். அப்புறம் யார் சொல்வது என்று குசுகுசுப்பு. “நீ சொல்லு.” “நான் எப்படிச் சொல்ல, அடுத்தது என் டர்ன்.” “அதான் சொல்றேன், நீதான கிட்ட நிக்கிற.” யூலா சித்திக்குப் பொறுக்கவில்லை. “செய்தி சொல்றதுக்குன்னே காலேஜ்ல படிச்சவங்க இத்தன பேரு நிக்கிறீங்க, ஒரு செய்தி சொல்ல ஒருத்தருக்கும் வாயி வரலியா?” என்று சத்தமாகவே கேட்டாள். முன்னால் உட்கார்ந்திருந்த பெண், அலபாமாவிலிருந்து வந்த கீயானா என்கிற மாணவி, தன் போனைத் திருப்பி லொனெட்டின் முன்னால் வைத்தாள்.

லொனெட் படித்தாள். மூன்று பாராவையும் படித்தாள், அது கண் போன விதத்தில் தெரிந்தது. போனைக் கவிழ்த்து அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்தாள். பிறகு, “உன் ரெஸ்யூம்ல ரெண்டாவது பக்கம் வேணாம்மா. நல்லதெல்லாம் முதல் பக்கத்துலயே இருக்கு, அடுத்த பக்கத்துல நீயே உன்னச் சந்தேகப்படுற” என்றாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. “அடுத்தது யாரு?” என்றாள். மகளே, நம் வீடுகளில் பிள்ளைகளை மற்றவர்களைவிட இரு மடங்கு உழைக்க வேண்டும் என்று சொல்லித்தான் வளர்க்கிறோம், உன்னையும் அப்படித்தான் வளர்த்தேன். வேலை போன பிறகும் உழைக்க வேண்டும் என்று நான் உனக்குச் சொல்லித் தரவில்லை, அவளுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்து நின்றவர் டல்சாவில் வானொலியில் இருப்பவர், பருத்த ஆள், வேர்த்துக்கொண்டிருந்தார். தன் ரெஸ்யூமை எடுத்தார், பார்த்தார், சட்டைப்பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டார். அதே பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தார். “கேன்சஸ் சிட்டில நியூஸ் டைரக்டர் வேலை ஒண்ணு இருக்கு. நாளைக்கு எனக்கு அங்க இன்டர்வியூ. நான் போகல, நீங்க போங்க” என்றார். லொனெட், “சார், உங்களுக்குப் பைத்தியமா?” என்றாள். “என் பொண்டாட்டியும் அதத்தான் கேப்பா” என்றார் அவர். அவருக்கு அடுத்தவர் அட்லாண்டாவில் தனக்குத் தெரிந்த ஒருவரின் எண்ணைக் கொடுத்தார். அதற்கு அடுத்தவள் நியூயார்க்கில் தன் பழைய முதலாளிக்கு அங்கேயே போன் போட்டு, லொனெட்டின் காதில் வைத்தாள். வேலை கேட்க நின்ற வரிசை வேலை கொடுக்கிற வரிசையாகத் திரும்பிவிட்டது. ஒருவரும் கலைந்து போகவில்லை. பின்னாலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள், மாடி வைத்த மற்ற ஸ்டால்களிலிருந்தும் வந்தார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்களைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது என்பது உனக்குத் தெரியும், பாதிப் பேர் தங்கள் பெயர் அச்சில் வருவதற்காகத் தாயின் சவ அடக்கத்தையே தள்ளிப்போடுவார்கள். அவர்கள்தான் கையில் இருந்த ஒரே வாய்ப்பைக் கொண்டுபோய் முன்பின் தெரியாத ஒருத்தியின் மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி காபி குடிக்கப் போனார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எழுத வார்த்தை வரவில்லை, இப்போதும் வரவில்லை, நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நான் எழுந்தேன். “எங்கடி போற?” என்றாள் யூலா சித்தி. வரிசைக்கு என்றேன். “நம்ம மேசைக்கு ஒரு ஈ வரல, நீ அடுத்தவ மேசைக்குப் போயி நிக்கப் போறியா? முட்டி?” என்றாள். முட்டியோடு போய் நின்றேன். என் முறை வந்தபோது அவள் முன்னால் அட்டைகள் குவிந்திருந்தன, எல்லாம் பெரிய ஊர்கள், பெரிய பதவிகள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு பேரும் கொடுக்க வந்தவர்கள், நான் ஒருத்திதான் கேட்க வந்தவள். அதை அப்படியே சொன்னேன். ஆர்கன்சாவில் ஒரு வாரப் பேப்பர் வைத்திருக்கிறேன், இரண்டு அறை, சம்பளத்தைச் சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள், சிறையில் ஒரு பிள்ளை செத்துப்போனான், ஏன் என்று கேட்க எனக்குக் கால் இல்லை என்றேன். அவள் அட்டைகளை ஒதுக்கினாள். “கேமரா பதிவு கேட்டீங்களா?” என்றாள். கேட்டேன் என்றேன். “எழுத்துல?” எழுத்தில்தான். “சட்டப்படி பதில் சொல்ல வேண்டிய நாள் தாண்டிருச்சா?” எப்போதோ தாண்டிவிட்டது என்றேன். “தாண்டினதுக்கு அப்புறம் அவங்க வாசல்ல யாரு போயி நின்னா?” நான் என் முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். “அப்ப நான் வந்து நிக்கிறேன்” என்றாள். பிறகு அந்த டல்சாக்காரரைத் தேடிப் போய் அவர் அட்டையை அவர் பையிலேயே திணித்துவிட்டு வந்தாள், நாளைக்கு இன்டர்வியூவுக்குப் போகாவிட்டால் உங்கள் மனைவிக்கு நானே போன் செய்வேன் என்றாளாம். மற்ற எல்லோருக்கும் நன்றி சொல்லி அனுப்பினாள். வேலையை விட்டுத் தூக்கியதற்காக அவளுக்கு அடுத்த வசந்தம் வரை நிறுவனம் சம்பளம் தர வேண்டுமாம், அதுவரை நான் தருகிற சம்பளம் ஒரு பொருட்டில்லை என்றாள். ஆக அந்தத் தொலைக்காட்சி நிறுவனம் தன் சரித்திரத்திலேயே முதன்முறையாக டன்லீ மாவட்டச் செய்திக்குச் செலவழிக்கிறது. அவர்களுக்குத் தெரியாது, நீயும் சொல்லிவிடாதே.

லொனெட் புதன்கிழமை வந்து சேர்ந்தாள், உன் அறையில் தங்கியிருக்கிறாள், சுவரில் நீ ஒட்டியிருக்கும் அந்தப் பாடகர்களைக் கழற்றவில்லை, ஆனால் அவர்கள் யார் என்று கேட்டாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வியாழன் காலை லெரானின் அம்மா வழக்கம்போல வந்து “இந்த வாரம் ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் லொனெட் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்கம்மா, நான் உங்ககிட்ட கொஞ்சம் கேக்கணும்” என்றாள். ஐந்து மாதமாக அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள், அவளிடம் யாரும் ஒன்றும் கேட்டதில்லை. அவள் உட்கார்ந்தாள், மதியம் வரை பேசினாள். அதன் பிறகு லொனெட் ஷெரீஃப் அலுவலகத்துக்குப் போனாள். அதுவரை என் போனை எடுக்காத ஷெரீஃப் அன்று சாயங்காலம் தானாகவே கூப்பிட்டு, “வெர்னெல், எங்க வாசல் பெஞ்சுல ஒரு அம்மா உக்காந்துட்டு எந்திரிக்க மாட்டேங்குறாங்க, உங்காளா?” என்றார். ஆமாம், கேட்டதைக் கொடுத்துவிடுங்கள், சாப்பாடு கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறாள் என்றேன். இன்னும் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை மறுபடியும் போகிறாள், யூலா சித்தி கோழி பொரித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஆகவே மகளே, அக்டோபரில் நான் வரவில்லை. கீழ்த்தள வீட்டை விட்டுவிடு, மேலே நல்ல வெளிச்சமுள்ள வீடாகப் பார், நீங்கள் இரண்டு பேரும் சின்ன வயசு. கோபப்பட்டால் எழுத்தில் கோபப்படு, போனில் வேண்டாம், நான் திருப்பிப் படித்துப் பார்க்க வேண்டும். ஆண்டவர் உன் வாசலையும் ருய்யின் வாசலையும் காக்கட்டும், போகிற இடமெல்லாம் உன்னைப் பார்த்து யாராவது தலையசைக்கட்டும். இருமலுக்கு டாக்டரைப் பார், மறக்காதே.

என்றும் உன் நலம் நாடும் அம்மா,
வெர்னெல் டிஸ்டேல்
ஆசிரியர், ‘டன்லீ சாட்சி’ (இப்போதைக்கு)