வாளியில் வந்த மூன்று அட்டைகள்

செப்டம்பர் 9, செவ்வாய்

சொன்னேனா, சொல்லாமல் விட்டேனா? எனக்கே தெரியவில்லை.

முதலாண்டு விலங்கியல் மாணவிகளுக்கு முட்தோலிகள் பாடம் நடத்தும்போது வருஷா வருஷம் இரண்டு விஷயம் சொல்வேன். வலையில் சிக்கி, விலை போகாமல் கரையில் எறியப்படும் நட்சத்திர மீன், கடல் முள்ளெலி எதுவானாலும் ஆய்வகத்துக்குக் கொண்டு வாருங்கள். வெள்ளரிக்காய் போலக் கிடக்கும் கடல் அட்டையை மட்டும் தொடாதீர்கள். அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். முதலாவதை இந்த ஆண்டும் சொன்னேன், நிச்சயம். இரண்டாவதை?

இன்று காலை வனத்துறையினர் ஒரு நீல வாளியை ஆய்வகத்துக்குக் கொண்டு வந்தார்கள். இது புதிதல்ல. வெளிநாட்டுக்குக் கடத்தும் அட்டை பிடிபட்டால் அது என்ன இனம் என்று பார்த்துக் கையெழுத்திடுவது பல ஆண்டுகளாக என் வேலை. வழக்கமாகச் சாக்கில் வரும், அவித்துக் காயவைத்தது. இன்று வந்தவை மூன்றே மூன்று. கடல்நீரில், உயிரோடு. வெள்ளை அட்டை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மதியம் டயானா வந்து ஆய்வகக் கதவருகே நின்றாள். திரேஸ்புரத்துப் பெண். முதலாண்டு, கடைசி பெஞ்ச். நாமாகக் கேட்டால்தான் வாய் திறப்பாள்.

“மேடம், காலையில வந்தது எங்க வீட்டு வாளி.”

அவள் அப்பா கஸ்பார் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். வலையில் அட்டை ஏறினால் அங்கேயே விட்டுவிடுகிறவராம்.

“மேடம் பாடத்துக்குக் கேட்டாவன்னு நான்தான் சொன்னேன். தடை இருக்கேளான்னு அப்பா மொதல்ல யோசிச்சாவ. பெறவு, ‘பிடிக்கிற ஆபீசரே அந்த மேடத்துகிட்டதான கொண்டு கொடுக்கான், நாம நேரா கொடுத்தா என்ன’ன்னு கொண்டாந்தாவ.”

கரையிலேயே பிடித்துவிட்டார்கள். அவரையும் வள்ளத்தையும். நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தோடு ரிமாண்ட்.

செப்டம்பர் 10, புதன்

நாற்பத்தொன்பது வயதில் நினைவு இப்படி ஆகிவிடுமா? இல்லை, எப்போதுமே இப்படித்தானா, இன்றுதான் சோதித்துப் பார்க்கிறேனா?

டயானா வரவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

வகுப்பில் கேட்டுவிட்டேன். “அட்டை கொண்டு வரக் கூடாது என்று நான் சொன்னது யாருக்கு நினைவிருக்கிறது?”

அரை வகுப்பு கை தூக்கியது. முதலில் தூக்கியவள் ஜெயசெல்வி.

“ஏளா, கையை எறக்கு. நீ அன்னைக்கி வரவே இல்லல்லா” என்றாள் பக்கத்தில் இருந்தவள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு நிற்பதற்குள் பாதிக் கைகள் இறங்கின. எனக்கு வேண்டியதைச் சொல்லத்தான் தூக்கியிருக்கிறார்கள். இப்படி ஒரு சோதனையை மாணவி யாராவது செய்திருந்தால் திருத்தி அனுப்பியிருப்பேன்.

காயல்பட்டினத்து நஜ்லா மட்டும் எழுந்தாள். “மேடம், அன்னைக்கி கரண்ட் போயிட்டு. ஸ்லைடைப் பாதியில விட்டுட்டு நீங்க போர்டுல வரைஞ்சீங்க.”

எச்சரிக்கை கடைசி ஸ்லைடில் இருக்கிறது. அப்படியானால் சொல்லாமல் விட்டிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் வாயாலும் சொல்லியிருக்கலாமே. வாய்ப்பு அதிகம் என்பது சான்று அல்ல.

செப்டம்பர் 12, வெள்ளி

துறைத்தலைவர் எபனேசர் சார் கூப்பிட்டார். வனத்துறைக்கு அனுப்ப ஒரு கடிதம் தயாராக வைத்திருந்தார். ‘கடல் அட்டையைச் சேகரிக்கக் கூடாது என மாணவிகளுக்கு ஆண்டுதோறும் அறிவுறுத்தி வருகிறோம்.’

“இதுல பொய் ஒண்ணும் இல்லையே, கிருபை மேடம்?”

இல்லைதான். ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் பாடத்துக்குத்தான் கொண்டு வந்தேன் என்று கஸ்பார் வனத்துறையிடம் சொல்லியிருக்கிறார். இந்தக் கடிதம் போனால் அவர் பொய்யராகிவிடுவார். பாடத்துக்கு இல்லையென்றால் கடத்தல். கடத்தல் என்றால் ஜாமீன் எப்போது கிடைக்குமோ.

நாளை சொல்கிறேன் என்றேன்.

“யோசிக்க என்னம்மா இருக்கு? உங்களுக்கும் சேத்துதான் எழுதியிருக்கேன்.” கோபம் இல்லை அவருக்கு. கவலைதான். அதனாலேயே மறுப்பது கஷ்டமாக இருந்தது.

வெளியே டயானா நின்றிருந்தாள். கடிதத்தைப் பற்றி யாரோ சொல்லிவிட்டார்கள் போல.

“நீங்க சொன்னீங்க, நான்தான் கவனிக்கலன்னு சொல்லிருதேன் மேடம்.”

“நான் சொன்னேனா?”

தரையைப் பார்த்தாள். “அது எதுக்கு மேடம் இப்ப.”

அப்பா சிறையில். இவள் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள். ஏன்? இன்டர்னல் மார்க் போடுகிறவள் நான் என்பதாலா? அப்படி இருக்கக் கூடாதே— இருந்தால்தான் என்ன தப்பு? பதினெட்டு வயசுப் பிள்ளை வேற என்னதான் செய்யும்!

செப்டம்பர் 13, சனி

கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. வனச்சரக அலுவலகத்துக்கு நேரே போனேன். ரேஞ்சர் தாணுலிங்கம் எனக்குப் பழக்கமானவர். பிடிபட்ட சாக்குகளை அனுப்புகிறவர் அவர்தான். என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்: வலையில் வரும் முட்தோலிகளைக் கொண்டு வரும்படி மாணவிகளிடம் கேட்டவள் நான். கடல் அட்டையும் அந்தத் தொகுதியில் சேரும். அதை விலக்கிச் சொன்னேனா என்பது எனக்கு நினைவில்லை.

அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார். “நினைவில்லன்னு ஒரு வாக்குமூலமா, மேடம்? சொன்னேன்னு எழுதுங்க, இல்ல சொல்லலைன்னு எழுதுங்க.”

“இரண்டும் எனக்குத் தெரியாது சார்.”

“அட்டைதான்னு கையெழுத்துப் போட்டதும் நீங்க, கொண்டு வரச் சொன்னதும் நீங்க. கோர்ட்டுல சிரிப்பாவ.”

சிரிக்கட்டும் என்றேன்.

பிறகு, கேட்காமலே சொன்னார்: “அந்த ஆள் ஒளிக்கக்கூட இல்ல. எங்களப் பாத்ததும் அவரா வாளியத் தூக்கிக் காட்டி, ‘மேடத்துக்குத்தான், நீங்களே கொண்டு போறீயளா’ன்னு கேட்டாரு. நாங்க நக்கல்னு நெனச்சோம்.”

அதையும் எழுதுவீர்களா என்று கேட்டேன். என் காகிதத்தைக் கோப்பில் வைத்துக் கட்டினார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை. எபனேசர் சார் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனார்.

நாளை ஜாமீன் மனு. என்ன ஆகும் என்று ஊகிக்கப் போவதில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

நடந்தது இது.

ஜாமீன் கிடைத்தது. வனத்துறை எதிர்க்கவில்லை. வாளியைக் காட்டியதை ரேஞ்சர் எழுதியிருந்தார். கஸ்பார் தினமும் வனச்சரக அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்திட வேண்டும். வழக்கு முடியும்வரை வள்ளம் கிடைக்காது. வேறு ஒருவருடைய வள்ளத்தில் கூலிக்குப் போக வேண்டியதுதான் என்று நீதிமன்ற வாசலில் வக்கீலிடம் சொல்லிக்கொண்டிருந்தார் கஸ்பார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். மன்னிப்புக் கேட்கத்தான் கிட்டே போனேன். அவர் முந்திக்கொண்டார்.

“ஒங்களுக்குச் சங்கடமாப் போச்சே மேடம்.”



மூன்று அட்டைகளில் ஒன்று செத்துவிட்டது. மற்ற இரண்டையும் நீதிமன்ற உத்தரவோடு கடலில் விட்டுவிட்டார்கள். கல்லூரியில் எனக்கு மெமோ காத்திருந்தது. இனி வெளியிலிருந்து எதுவும் சேகரிக்கக் கூடாது. வனத்துறைக்கு நான் கையெழுத்திடவும் கூடாது. வாங்கிக்கொண்டேன்.

மதியம் செய்முறை வகுப்பு. டயானா வந்திருந்தாள். “அம்மா அப்பாவக் கூட்டிட்டுப் போயிட்டாவ மேடம். நான் இங்கன வந்துட்டேன்.” அதே கடைசி பெஞ்ச்.

முதலில் அந்த எச்சரிக்கையைச் சொன்னேன். பலகையில் எழுதவும் செய்தேன். யாரும் சிரிக்கவில்லை. பிறகு கடல் அட்டையை வரைந்து, வாயைச் சுற்றி நரம்பு வளையத்தைக் குறித்தேன். இதற்கு மூளை கிடையாது என்றேன்.

டயானா கை தூக்கினாள். இந்தப் பருவத்தில் முதல் முறை.

“மூளை இல்லன்னா, வாளிக்குள்ள கெடக்கோம்னு அதுக்குத் தெரியுமா மேடம்?”

தெரியாது என்றேன். அட்டைக்குத் தெரியாது என்று எடுத்துக்கொள்வாளோ என்று தோன்றியது. “அதுக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியாது” என்று திருத்திச் சொன்னேன்.

எழுதிக்கொண்டாள்.