பட்டுவுக்குத் தீபம் காட்டியது

2001 டிசம்பர் 4, செவ்வாய்

என் பூனை பட்டுவின் கால் மறுபடி உடைந்துவிட்டது. ஆட்டோ ஏறி நொறுங்கிய பின்னங்காலில், அதன் இடுப்பிலிருந்தே கொஞ்சம் எலும்பு எடுத்து வைத்து, தகடு போட்டிருந்தார் டாக்டர். கூண்டை விட்டு வெளியே விடவே கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

தீபத்தன்று எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஊரே மலையைப் பார்க்கிறது, இந்த வாயில்லா ஜீவன் மட்டும் பார்க்க வேண்டாமா என்று மாடிக்குத் தூக்கிப் போனேன். ஜோதி தெரிந்ததும் தெருவெல்லாம் வெடி. மிரண்டு, என் கையிலிருந்து கீழே பாய்ந்துவிட்டது.

இன்று எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார்.

"கூண்டுலயேதானம்மா வெச்சிருந்தீங்க?"

"ஆமாங்க டாக்டர்."

"அப்போ தப்பு என்னுதுதாம்மா. நான் வெச்ச எலும்பு புடிக்கல. இந்தத் தடவ இன்னொரு பக்க இடுப்புலேர்ந்து எடுத்து வெக்கறேன். உங்கள மாதிரி சொன்னதக் கேக்கறவங்களே கம்மி."

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

வீடு திரும்பியபோது பக்கத்து வீட்டு சரோஜா வாசலில் நின்றிருந்தாள்.

"பூனைக்கு என்னாச்சுக்கா?"

"அந்த டாக்டர் சரியா வெக்கலடி" என்றேன்.