தாய்த் தொட்டியில் ஒரு துளை

என்னங்க,

உங்கள் இருமல் விட்டதா என்பதை மட்டும் பொய் சொல்லாமல் எழுதுங்கள். மற்றபடி நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். இங்கே நானும் மாமாவும் நலம். மாடியில் இருக்கிற பக்கெட்டுகளும் இப்போது நலம். அது என்ன ‘இப்போது’ என்று கேட்பீர்கள். போன வாரம் அவை நலமாக இல்லை.

போனில் ஏன் சொல்லவில்லை என்று கோபப்பட வேண்டாம். உங்கள் கப்பல் பட்டறையில் எந்நேரமும் இரும்பு தட்டுகிற சத்தம். இந்தப் பக்கம் மாமா என் தோளுக்கு மேல் நின்று, தான் ஒன்றும் செய்யவில்லை என்று மகனுக்குக் கேட்கும்படி குறுக்கே பேசிக்கொண்டே இருப்பார். அதோடு, நீங்கள் கேட்டிருக்கிற கேள்விக்கு எனக்குப் போனில் பதில் வராது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடட்டுமா, மாதக் கடைசிக்குள் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும், நீ சொல்வதுதான் முடிவு என்று எழுதியிருந்தீர்கள். முடிவை அடுத்தவர் தலையில் கட்டுவதில் உங்களை மிஞ்ச ஆள் கிடையாது. சொல்கிறேன். முதலில் மாடிக் கதையைக் கேளுங்கள்.

மண்ணே இல்லாத இந்தத் தண்ணீர்த் தோட்டத்தில் எல்லாப் பக்கெட்டிலும் லெட்டூஸ் கீரையும் புதினாவும் மட்டும்தான், வேறு எதையும் நட்டு வைக்காதே என்று சொல்லிவிட்டுத்தான் போனீர்கள். நான் கோடியில் இருக்கிற பக்கெட்டில் ஒரு தக்காளி நட்டேன். தக்காளியைக் கண்டால் கழுவக்கூட விடாமல் கடிக்கிற ஆள் நீங்கள். லீவில் வரும்போது கண்ணில் படட்டும் என்று ஆசை. அது என்னடாவென்றால், இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற ரகம். இலை ஒருபக்கம் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போனது. அதை நான் பார்த்தேன், பெருமைப்பட்டேன். வேர் எங்கே போகிறது என்று மூடியைத் திறந்து பார்க்கவில்லை. திறந்தால் வெளிச்சம் பட்டுத் தண்ணீரில் பாசி பிடிக்கும் என்று நீங்கள் மிரட்டியிருந்தீர்களே.

அது பக்கெட்டின் அடியில் இருக்கிற இணைப்புக் குழாய்க்குள் போயிருக்கிறது. ஊரான் கப்பலுக்கெல்லாம் ஆள் நுழைகிற அளவுக்குக் குழாய் பொருத்துகிற மனுஷர், சொந்த மாடியில் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று ஒல்லிக் குழாய் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். ஊருக்குத்தான் உபதேசம். அதில் வேர் அடைத்துக்கொண்டது.

நான் அப்போது பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் மாமா மட்டும்தான். எல்லாப் பக்கெட்டுக்கும் பொதுவான தாய்த் தொட்டியிலிருந்து மோட்டார் தண்ணீரை எடுத்துக் கோடிப் பக்கெட்டில் விட்டபடி இருக்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு பக்கெட்டாகத் தாண்டித் தொட்டிக்குத் திரும்பி வர வேண்டிய தண்ணீர் வரவில்லை. கோடிப் பக்கெட் நிரம்பி வழிந்து மாடி முழுக்க ஓட, தொட்டி வற்ற, தொட்டியோடு சேர்ந்த மற்ற பக்கெட்டுகளும் வற்ற, ஒருபக்கம் வெள்ளம், ஒருபக்கம் வறட்சி. கடைசியில் மோட்டார் வெறுமனே சுற்றிக் கத்த ஆரம்பித்தது.

கட்டிலில் படுத்திருந்த மாமாவுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. ஆயுசு பூராவும் பஸ் ஓட்டியவர் இல்லையா, எஞ்சின் சத்தம் மாறினால் தூக்கத்திலும் தெரியும். முட்டிவலியோடு மாடி ஏறி, சுவிட்ச் பலகையையே பிடுங்கிப் போட்டுவிட்டார். வண்டி சூடேறினால் முதலில் எஞ்சினை நிறுத்த வேண்டும் என்பது அவர் சட்டம். மோட்டாரை நிறுத்தியது சரி. தண்ணீருக்குள் குமிழி விடுகிற காற்று மெஷினும் அதே பலகையில்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. நிறுத்திவிட்டு, நிம்மதியாகக் கீழே வந்து தூங்கியிருக்கிறார்.

நான் வந்து பார்த்தபோது லெட்டூஸ் எல்லாம் அடிபட்ட மாதிரி படுத்திருந்தது. வெயிலில் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டது. ஒரு பக்கெட்டிலும் ஒரு குமிழி இல்லை. எனக்கு அழுகை வந்தது, அழ நேரமில்லை. பின்னாலேயே வீட்டுக்கார அம்மா நனைந்த போர்வையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். மாடித் தண்ணீர் அவர் கொடியில் கொட்டியிருக்கிறது. நல்ல பாட்டு வாங்கினேன். திட்டி முடித்ததும் அவருக்கே ஒரு சந்தேகம். செடி தண்ணீரில்தானே இருக்கிறது, மண்ணும் கிடையாது, பிறகு எதற்கு வாடுகிறது என்று கேட்டார். காற்றுக் கல் அடியிலிருந்து குமிழி விட்டால்தான் தண்ணீருக்குள் வேர் மூச்சுவிடும், இல்லாவிட்டால் நாம் முங்கிச் சாவது போல அதுவும் சாகும் என்று சொன்னேன். அந்த அம்மா போர்வையைக் கீழே போட்டுவிட்டுச் சேலையைச் செருகிக்கொண்டார்.

காற்று மெஷினை மட்டும் ஓடவிட்டேன். பைப் பிடித்துத் தொட்டியை நிரப்பினேன். தொட்டியில் ஏற ஏற, வற்றிக் கிடந்த பக்கெட்டுகளிலும் தண்ணீர் ஒரே மட்டமாக ஏறியது. நீங்கள் முதல்நாள் அதைக் காட்டியபோது நான் கைதட்டினேனே, அதே கண்காட்சிதான். வீட்டுக்கார அம்மாவும் நானும் குவளையில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றி ஊற்றித் தண்ணீரில் காற்றுக் கலந்தோம். மாமா கவிழ்த்துப் போட்ட பக்கெட்டில் உட்கார்ந்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எங்களுக்கு விசிறினார். செடிகளுக்கு விசிறுங்கள் மாமா என்றேன். அப்போதுதான் சிரித்தார்.

பிறகு குழாயைக் கழற்றினேன். உள்ளே வெள்ளையாக வேர், என் பின்னலைவிடத் தடிமன். வெட்டினேன். தக்காளியைப் பிடுங்கி எறிய மனம் வரவில்லை. அதன் ஓட்டையையும் பக்கத்துப் பக்கெட்டின் ஓட்டையையும் அடைத்து, அதற்குத் தனியாக ஒரு காற்றுக் கல் போட்டு, சுவரோரம் ஒதுக்கி வைத்தேன். மோட்டார் தண்ணீரை அடுத்த பக்கெட்டில் விழும்படி மாற்றிவிட்டேன். சாயங்காலம் லெட்டூஸ் ஒவ்வொன்றாகத் தலை தூக்கியது. சிலது தேறவில்லை. வேர் அழுகினால் ஒரே தண்ணீர் என்பதால் எல்லாவற்றுக்கும் பரவும் அல்லவா, அதனால் இரக்கம் பார்க்காமல் எடுத்துப் போட்டேன். மாமாவுக்கு இது நன்றாகப் புரிகிறது. பஸ்ஸில் ஒருத்தன் இருமினால் வண்டி முழுக்க இருமும் என்றார்.

‘நான் இல்லாவிட்டால் மூன்று நாள் தாங்காது’ என்று நீங்கள் கிண்டல் செய்த தோட்டம் இது. தாங்கியது மட்டும் இல்லை. முனையில் சாப்பாட்டுக் கடை நடத்துகிற சமையல்காரர் இருக்கிறாரே, எதைக் கொடுத்தாலும் உதட்டைப் பிதுக்குவாரே, அவர் நேற்று வந்து ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டு, இப்போது தருவதைப் போல இரண்டு மடங்கு தினமும் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்கார அம்மா மாடியின் மறுபாதியையும் எடுத்துக்கொள் என்கிறார். போர்வை மேல் இன்னொரு முறை தண்ணீர் விழுந்தால் நடப்பதே வேறு என்றும் சொல்லியிருக்கிறார். ஆகவே பிழைப்புக்கு வழி இல்லை என்று இனி எழுதாதீர்கள்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு மாடிக்குப் போய் வந்தேன். அந்தத் தக்காளியால் வந்த வேலை. சேர்ந்திருக்கிற பக்கெட்டுகளுக்குத் தாய்த் தொட்டியை மட்டும் பார்த்தால் போதும். ஒன்று அதிகமாகக் குடித்தால் மற்றவை தாங்கிக்கொள்கின்றன, தண்ணீர் சீக்கிரம் கெடுவதில்லை. தனியாக நிற்கிற பக்கெட் அப்படி இல்லை. காலையில் நிரப்பினால் மாலைக்குள் பாதி. மிச்சத் தண்ணீரில் உரம் தடித்துப்போகிறது. போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் எனக்கு உங்கள் நினைவுதான். அங்கே யார் உங்களை எட்டிப் பார்க்கிறார்கள்? இருமல் வந்தால் யார் கேட்கிறார்கள்?

மாமாவிடம் உங்கள் கேள்வியைச் சொன்னேன். “அவன் சம்பாதிச்சது போதும்மா. வரச் சொல்லு” என்றார்.

என் பதிலும் அதுதான். கையெழுத்துப் போடாதீர்கள்.

நீங்கள் இல்லாமல் இங்கே எதுவும் நடக்காது என்று கூப்பிடவில்லை. நீங்கள் இல்லாமலே எல்லாம் நடக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

இரண்டாவது வரிசைக்காகத் தாய்த் தொட்டியின் மறுபக்கத்தில் துளை போட்டுவிட்டேன், தடித்த குழாய்க்கு ஏற்ற அளவு. ரப்பர் வளையமும் மாட்டி, இப்போதைக்கு மூடி போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் குழாயை மட்டும் நான் பொருத்த மாட்டேன். தெரியாமல் இல்லை, நன்றாகவே தெரியும். அது உங்கள் வேலை.

தக்காளி சிவக்க ஆரம்பித்திருக்கிறது. தொடக்கூடாது என்று மாமாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அவர் சொன்ன பேச்சைக் கேட்கிற ஆளா என்பது உங்களுக்கே தெரியும். சீக்கிரம் வாருங்கள்.

மாடிப் பொறுப்பில் இருக்கிற,
உங்கள் மனைவி