இரண்டாம் தகடு

ஜூன் 4, செவ்வாய்

செய்தித்தாளின் ஏழாம் பக்கத்தில், மூக்குக்கண்ணாடிக் கடை விளம்பரத்துக்குக் கீழே, நான்கே வரிச் செய்தி. அந்த ராஜா படம் டிவிடியாக வந்திருக்கிறது. திரையரங்கில் ஓடிய நீளத்துக்கு அல்ல, முழு நீளத்துக்கு. நான்கு மணி நேரம், மூன்று தகடுகள், ‘இதுவரை எவரும் காணாத ஐம்பத்து நான்கு நிமிடங்கள்’.

அந்த ஐம்பத்து நான்கில் இரண்டு நிமிடம் என் அம்மாவுடையது.

நான் பிறப்பதற்கு முன்னால், அம்மா கல்லூரி நாடகக் குழுவில் இருந்தபோது, அந்தப் படத்தில் படகோட்டியாக நடித்தாள். எட்டு நாள் படப்பிடிப்பு. துடுப்புப் போட்டு உள்ளங்கை தோலுரிந்துவிட்டதாம். நாட்டை இழந்து ஓடி வரும் ராஜாவை இரவோடு இரவாக அக்கரை சேர்க்கிறவள். ஐந்து வரி வசனம். நான் சின்னவளாக இருந்தபோது தலை துவட்டிக்கொண்டே சொல்லிக் காட்டுவாள்.

படம் வெளியானபோது குடும்பமே திரண்டு போய்ப் பார்த்தது. ராஜா ஆற்றங்கரைக்கு வந்தார். அடுத்த காட்சியில் அக்கரையில் நின்றார். படகும் இல்லை, அம்மாவும் இல்லை. அன்றிலிருந்து அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, அது வாயில் போட்டு மெல்லும் வெற்றிலையாகிவிட்டது. “ராஜா நீந்திப் போயிட்டாரு போல” என்று இன்றைக்கும் சொல்கிறாள்.

இரவு சாப்பிடும்போது செய்தியைப் படித்துக் காட்டினேன். “நாலு மணி நேரமா? எங்க கல்யாணமே ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுது” என்றார் அப்பா. அம்மா பேப்பரை வாங்கிப் பார்த்தாள். மடித்து வைத்தாள். “சாப்பிடு, ஆறுது” என்றாள். அவ்வளவுதான்.

ஜூன் 5, புதன்

வகுப்பில் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

பக்கத்து பெஞ்சு முந்திரிக்கொட்டை உடனே கேட்டாள்: “சினிமாவுல நடிச்சவங்க எதுக்குடி மருந்துக்கடையில நின்னு இருமல் மருந்து விக்கறாங்க?” எல்லோரும் சிரித்தார்கள். மதியத்துக்குள் என் பெயர் ‘படகு’ ஆகிவிட்டது. ஆகட்டும். படம் பார்த்துவிட்டு வந்து பேசுகிறேன்.

ஜூன் 7, வெள்ளி

பள்ளி விட்டதும் நூலகத்துக்கு ஓடினேன். நேற்றுதான் டிவிடி வந்ததாம். மூன்று தகடும் வெளியே போய்விட்டன.

“மூணும் ஒரே ஆளா மேடம்?”

“இல்லம்மா, மூணு பேர். தனித்தனியாத்தான் குடுப்போம்.”

எனக்குப் புரியவில்லை. நூலகர் பொறுமையாக விளக்கினார். பெட்டிக்குள் மூன்று தகடு இருந்ததால் மூன்று தொகுதி என்று பதிவு செய்திருக்கிறார். மூன்று உறை, மூன்று எண். மூன்று தொகுதி அகராதிக்கும் அப்படித்தான் செய்வாராம்.

அகராதியில் ‘ப’ வரிசையைப் பார்க்க ‘அ’ வரிசையைப் படித்திருக்க வேண்டியதில்லை, படம் அப்படியா, என்று கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். “பதிவேட்டுல ஏத்தியாச்சும்மா” என்றார். பதிவேட்டில் ஏற்றியதை ஆண்டவனே வந்தாலும் இறக்க முடியாது போலிருக்கிறது.

மூன்றுக்கும் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 15, சனி

மூன்றாம் தகடுதான் கிடைத்தது. முதலில் மூன்றா? எடுத்துக்கொண்டு வந்தேன். கண்டதை விடுவேனா.

ஆரம்பமே போர்க்களம். யாரோ ஒருவர் செத்துப்போகிறார். படத்தில் உள்ள எல்லோரும் அழுகிறார்கள், குதிரைகூட அழுவது போல இருக்கிறது. அவர் யார் என்றே எனக்குத் தெரியாது. இழவு வீட்டுக்கு விலாசம் மாறி வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அப்பா வேலைக்குப் போகும்முன் திருப்புளியும் கையுமாக நின்று கொஞ்சம் பார்த்தார். (அப்பா வீடு வீடாகப் போய் ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவர்.) “இவன் நல்லவனா கெட்டவனா?” என்றார். தெரியாது என்றேன். “அப்ப நீ எதுக்கு அவனுக்காக நகத்தைக் கடிக்கற?”

அம்மா கூடத்துப் பக்கமே வரவில்லை. வாரத்தில் பாதி நாள் மாலையில் துணி மடிப்பது கூடத்தில்தான். இன்று படுக்கையறையில் மடித்தாள்.

ஜூன் 16, ஞாயிறு

அத்தை வந்தாள். ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு வருவாள். “என்ன, டிவிடி வந்திருக்காமே, இதுலயாச்சும் வர்றியா?” என்று அம்மாவைக் கேட்டாள். அம்மா சிரித்து வைத்தாள். நான் மட்டும், “வர்றாங்க அத்தை, ரெண்டாவது தகட்டுல” என்றேன். (படத்தின் நடுவில் வரும் காட்சி என்று அம்மா முன்பு சொல்லியிருக்கிறாள்.)

“பாத்தியா?”

“இன்னும் இல்ல.”

“ம்.”

அந்த ‘ம்’ இருக்கிறதே. ஒரு பக்கம் எழுதினாலும் தீராது.

ஜூன் 22, சனி

முதல் தகடு. ஒழுங்காக ஆரம்பத்திலிருந்து. போன வாரம் செத்துப்போனவர் ராஜாவின் வளர்ப்புத் தந்தை என்று இன்றைக்குத் தெரிந்தது. நல்ல மனிதர். ஒரு வாரம் தாமதமாக அழுதேன்.

கடைசியில் ராஜா காயத்தோடு ஆற்றங்கரைக்கு வருகிறார். இருட்டுகிறது. மூடுபனி. தண்ணீரில் துடுப்புப் போடும் சத்தம். ஒரு படகின் மூக்கு மட்டும் தெரிகிறது. திரை கறுத்து, எழுத்து வந்தது:

‘இரண்டாம் தகட்டைப் போடவும்.’

எங்கே போய்ப் போடுவது? கையில் இருந்தால் போட மாட்டேனா? தலையணையில் முகத்தைப் புதைத்துக் கத்தினேன். அம்மா எட்டிப் பார்த்தாள். “படகு வந்துடுச்சும்மா, மூக்கு மட்டும் தெரியுது” என்றேன். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். “விடு. வரும்போது வரும்” என்று போய்விட்டாள்.

எப்படி விடுவது? இவளுக்கு ஏன் ஆசையே இல்லை? இவள் பொருட்டு ஊரோடு மல்லுக்கு நிற்பது நான். இவளோ துணி மடிக்கிறாள்.

ஜூன் 29, சனி

இரண்டாம் தகடு திரும்பி வரவில்லை. ஒரு வாரத்துக்குத்தான் கொடுப்பார்கள். மூன்று வாரம் தாண்டிவிட்டது.

“யார் மேடம் எடுத்தது?”

“அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா.”

“ஆணா பெண்ணா, அதையாவது சொல்லுங்களேன்.”

நூலகர் பென்சிலைச் சீவ ஆரம்பித்துவிட்டார். ஏற்கனவே சீவிய பென்சில்.

ஜூலை 2, செவ்வாய்

முந்திரிக்கொட்டை: “படகு, இன்னும் கரை சேரலையா?”

புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனேன்.

ஜூலை 5, வெள்ளி

அந்த ஆளை நினைத்து நினைத்து எனக்கு அவன் முகமே தெரிய ஆரம்பித்துவிட்டது. தொப்பை. எண்ணெய்க் கை. தகட்டைத் தேநீர்க் கோப்பைக்கு மூடியாக வைத்திருப்பான். கடிதம் எழுதினேன். மூன்று முறை திருத்தி நல்ல தாளில் நகல் எடுத்தேன். நூலகர் நினைவூட்டல் அனுப்பும்போது இதையும் சேர்த்து அனுப்பலாமே? முக்கியமான பகுதி இது:

‘இரண்டாம் தகட்டை வைத்திருப்பவருக்கு. தாங்கள் பொறுப்பற்றவர் என்று எழுத வருந்துகிறேன். ஆனால் உண்மை அதுதான். தங்களுக்கு அது பொழுதுபோக்கு. அதில் வரும் படகோட்டி என் அம்மா. அவள் நடித்தாள் என்பதை எங்கள் வீட்டில் பாதிப் பேர் நம்பவில்லை, என் வகுப்பில் யாருமே நம்பவில்லை. அம்மா வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். எனக்குத் தெரியும். அவளை எல்லோரும் ஒரு தடவை பார்த்தால் போதும். தாங்கள் நல்லவராக இருந்தால் திருப்பித் தரவும்.’

ஜூலை 6, சனி

கடிதத்தை நூலகரிடம் கொடுத்தேன். ஒட்டவில்லை, படித்துப் பார்க்கட்டும் என்றுதான். படித்தார். பிறகு என்னைப் பார்த்தார், ரொம்ப நேரம். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

“குடுத்துடறேன்” என்றார். கைக்குட்டையை எடுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

ஜூலை 9, செவ்வாய்

எப்படி எழுதுவது.

பள்ளியிலிருந்து வந்தேன். அம்மா வீட்டில் இருந்தாள், வேலை நாளில், நாலரை மணிக்கு. என் மேசையில் நூலகத்து உறை. தொகுதி 2. பக்கத்தில் என் கடிதம்.

“பொறுப்பற்றவர்னு எழுதியிருக்க” என்றாள் அம்மா. “எழுத்துப்பிழை ஒண்ணும் இல்ல.”

நான் உட்கார்ந்துவிட்டேன்.

டிவிடி நூலகத்துக்கு வந்த அன்றே, மதியச் சாப்பாட்டு நேரத்தில், கடையிலிருந்து நடந்துபோய் எடுத்தவள் அம்மாதான். பெட்டியின் முதுகில் காட்சிப் பட்டியல் இருந்ததாம். ‘ஆற்றைக் கடப்பது’ இரண்டில் என்று பார்த்து அதை மட்டும் எடுத்திருக்கிறாள். வார விடுமுறையன்று நாங்கள் இல்லாதபோது பார்த்திருக்கிறாள். அப்புறம் கடையில் இருமல் மருந்து அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டாள்.

“ஏம்மா? நீ வர்றியா இல்லையா?”

“வர்றேன்.”

“அப்புறம் என்ன? ஒரு மாசமா நான் நாய் மாதிரி அலையறேன், பாத்துட்டுத்தானே இருந்த? அத்தை ‘ம்’னு சொன்னப்பகூட வாயத் தொறக்கலையே நீ. ஏம்மா இப்படிப் பண்ற?”

அம்மா தகட்டைப் போட்டாள்.

மூடுபனியிலிருந்து படகு வந்தது. அம்மா. இருபத்தொரு வயது, ஒல்லி, முழங்கைவரை ஈரம். நடிப்பு என்றே தோன்றவில்லை. ராஜாவை ஏற இறங்கப் பார்க்கிறாள், கடனுக்குச் சோப்பு கேட்கிற ஆளைப் பார்ப்பது போல. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறகு வாயைத் திறந்தாள்:

‘அரசே, இந்த ஆற்றுக்கு உங்களைத் தெரியாது. எனக்குத் தெரியும். என் அண்ணன் உங்கள் படையில் போனான். திரும்பவில்லை. ஏறுங்கள், விடியுமுன் அக்கரை சேர்க்கிறேன்.’

அம்மாவின் குரல் இல்லை.

அம்மாவுக்குக் கட்டைக் குரல். தொலைபேசியில் பேசினால் ‘சார்’ என்பார்கள். திரையில் கேட்டதோ தேனில் நனைத்த பஞ்சு. அந்த உதடு அசைய இந்தக் குரல் வருகிறது. ‘திரும்பவில்லை’ என்பதில் ஒரு விம்மல் வேறு. அம்மா சொல்லிக் காட்டும்போது அதில் விம்மல் இருக்காது. அதனால்தான் பயமாக இருக்கும்.

அம்மா விளக்கினாள். ஆற்றில் படம் எடுத்தால் காற்றும் தண்ணீரும்தான் பதிவாகும். பேச்சைப் பிறகு ஸ்டூடியோவில் உட்கார்ந்து பேச வேண்டும். அதற்குக் கூப்பிடுவதற்குள் காட்சியையே வெட்டிவிட்டார்கள். “காட்சியே இல்லாதப்ப குரலுக்கு எதுக்குக் கூப்பிடுவான்?” இப்போது வெட்டியதைத் திரும்ப ஒட்டும்போது பேச்சு இல்லை. யாரையோ வைத்துப் பேசவைத்துவிட்டார்கள்.

“உன்னைத் தேடலையாம்மா?”

“தேடியிருந்தா கிடைச்சிருப்பேனே. நான் எங்க போயிட்டேன்? ஒன்பதுலருந்து ஆறு வரைக்கும் அங்கதான் நிக்கறேன்.”

தகட்டை வெளியே எடுத்துக்கொண்டே சொன்னாள்: “மொதல்ல ஆளே இல்லன்னாங்க. இப்ப ஆள் இருக்கு, குரல் இல்ல. உங்க அத்தை இத வச்சு இன்னும் பதினஞ்சு வருஷம் ஓட்டுவாங்க. நீயும் ஏமாந்து போவ. அதான்.”

ஏமாந்துதான் போனேன். இல்லை என்று பொய் சொல்ல நினைத்தேன், வரவில்லை.

ஜூலை 10, புதன்

தகட்டிலேயே இயக்குநரின் விளக்கவுரை இருக்கிறது. படம் ஓட ஓட அவர் பேசுவார். மாலையில் அதைப் போட்டுக் கேட்டேன். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லியிருப்பார், பெயராவது.

அம்மா வந்து போகிற இரண்டு நிமிடமும் மனிதர் மூடுபனி இயந்திரம் பழுதானதைப் பற்றிப் பேசுகிறார். இயந்திரத்தின் பெயரைக்கூடச் சொல்கிறார்.

தொலைக்காட்சியின் மேல் எதையாவது எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை.

ஜூலை 11, வியாழன்

டிவிடி வெளியிட்ட கம்பெனிக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். “எழுதி?” என்றாள் அம்மா. சரியான கேள்விதான். தகடு அச்சாகிவிட்டது. பதிவேட்டைப் போலத்தான் அதுவும்.

ஆனால் தகட்டை நாளைக்கே நூலகத்தில் கொடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, “திங்கட்கிழமை நானே குடுக்கறேன். ஞாயித்துக்கிழமை உங்க அத்தை வர்றாங்கல்ல” என்றாள்.

ஜூலை 14, ஞாயிறு

அத்தை வந்து உட்கார்ந்ததும் அம்மாவே தகட்டைப் போட்டாள். ரிமோட்டைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள். அப்பாவுக்கு நேற்றே காட்டிவிட்டாள். அவர் இன்று ஒரு நகைச்சுவையும் சொல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

படகு வந்தது. அத்தை முன்னால் குனிந்தாள். “அட, நீதான்.” அம்மா முகம் ஓரிடத்தில் நிற்கிற தண்ணீர் மாதிரி இருந்தது. வசனம் முடிந்தது. அத்தை திரும்பினாள். வருகிறது, என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“இது யாரு பேசறது?”

“தெரியல அண்ணி. ஆள் நான். குரல் வேற யாரோ.”

“அதானே பாத்தேன். உன் தொண்டை எங்க, இந்தக் கீச்சுக்குரல் எங்க. படகு ஓட்டறவ இப்படியா பேசுவா? ராஜா பயந்து ஏற வேணாம்?” அத்தைக்கு நிஜமாகவே கோபம். “உன்னக் கூப்பிட்டா என்னவாம் அவங்களுக்கு? மறுபடி போடு.”

மறுபடி போட்டோம். மறுபடியும் திட்டினாள். மூன்றாவது தடவை, குரலைக் குறைக்கச் சொல்லிவிட்டு முகத்தை மட்டும் பார்த்தாள். அத்தையை இவ்வளவு நாள் நான் எந்தக் கணக்கில் வைத்திருந்தேன் என்று எனக்கே குழப்பமாக இருந்தது.

அம்மா உள்ளே போனாள். அத்தை செல்போனை எடுத்துத் தன் மகனிடம் பேச ஆரம்பித்தாள். ஊருக்கே கேட்கும் குரல் அது. “நிஜமாத்தான்டா. நான் கண்ணால பாத்தேன். நாலு வரி பேசறா.”

திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் சமையலறையிலிருந்து, குழாய்ச் சத்தத்துக்கு மேலே, அந்தக் கட்டைக் குரல் வந்துவிட்டது:

“அஞ்சு, அண்ணி.”