வாப்பாவின் பெயர் எழுதிய படிவம்

அன்பு வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

முழங்கால் வலி குறைந்ததா? உம்மா சுகமா? திருகோணமலையில் நான் நலம். போனில் சொன்னால் கதையை மாற்றிவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

புதுக் காருக்கு, அக்கா வீட்டு மச்சானை எதிர்பார்க்காமல் நானே காப்புறுதி எடுத்துவிட்டேன். முகவர் முனீப் நானா கிண்ணியாக்காரர். எங்கள் துறைமுக அலுவலக வாசலில் காரைச் சுற்றிவந்து படம் எடுத்தார். "டவுனுக்குள்ள மான் திரியுதே நானா, முட்டினா?" என்று கேட்டேன்.

"அதுக்கும் தருவம் தங்கச்சி. மானிட்ட வாக்குமூலம் எடுக்கத்தான் ஏலாது."

வேறு யார் ஓட்டுவார்கள் என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. உங்கள் பெயரை எழுதினேன்.

"வாப்பா முந்தி எக்சிடன் ஏதும் பட்டவரா?"

"ஓம்."

"அப்ப அதையும் எழுதுங்க. மறைக்கப்படாது."

மழையில் லொறி சறுக்கி வாய்க்காலில் இறங்கியது, ஒருவருக்கும் காயமில்லை என்று எழுதினேன். இரண்டு வருடமாக நீங்கள் ஸ்டியரிங்கைத் தொடாத காரணம் ஒரே வரியில் அடங்கிவிட்டது. முனீப் நானா வாசித்தார். "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தின் பிரதி வேண்டும், இரண்டு பக்கமும். தபாலில் போடாமல் நீங்களே கொண்டு வாருங்கள். உம்மாவின் மாசிச் சம்பலும் கொஞ்சம் வேண்டும். ஒருத்திக்காகச் சமைத்தால் ருசி வருவதில்லை. வரும்போது பஸ்ஸில் வாருங்கள். புத்தளத்துக்குத் திரும்பும்போது நீங்கள் ஓட்டுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன்.

வேலைக்கு நேரமாகிறது வாப்பா.

மகள்,
றிஷானா